அகதியும் மருந்தும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் எமது பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு விவாதம் எழுந்தது. ஆபிரிக்க நாடுகளின் அகதி முகாம்களிலே எச்.ஐ.வி நோயாளருக்கான சிகிச்சை தடைப்படுவது பற்றிய செய்தியொன்றை ஒருவர் வாசித்தார். உடனே மற்றொருவர், "சொந்தச் சனத்துக்கே மருந்தில்லாமல் கிடக்குது. அகதிக்கு, அதுவும் அந்த வருத்தத்துக்கு, மருந்து கேக்கினமோ?" என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். நல்லாசிரியர், தொழிற்சங்கக் கூட்டங்களுக்குத் தவறாது சமுகமளிப்பவர், 2022 ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின்போது தம் தாயாரின் குளிசைகளுக்காக நகரத்து மருந்துக் கடைகள் அனைத்திலும் ஏறி இறங்கியவர். அத்தகைய ஒருவர் வாயிலிருந்து வந்தமையாலேயே அக்கூற்றை அலட்சியம் செய்ய முடியவில்லை. பிற்போக்காளர் பரப்பும் பொய்யைக் காட்டிலும் முற்போக்காளர் நம்பிவிட்ட பொய்யே சமுதாயத்துக்குக் கூடுதலான தீங்கு விளைப்பது.

அன்று அவ்விவாதம் நீண்டபோது மூன்று வாதங்கள் வெளிப்பட்டன. அகதி நோயைச் சுமந்து வருபவன் என்பது முதலாவது. அவன் அலைந்து திரிபவனாதலின் மருந்து கொடுத்தும் பயனில்லை என்பது இரண்டாவது. உள்நாட்டு மக்களின் தேவை தீர்ந்த பின்னரே பிறநாட்டானைப் பற்றிப் பேசலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் எமது ஓய்வறையிற் பிறந்தவை அல்ல. அரசுகள் பல இவற்றையே கொள்கையாக்கிச் சட்டமாகவும் இயற்றியுள்ளன. ஆதலின் இவற்றைத் தனித்தனியே எடுத்து நோக்குதல் அவசியமாகின்றது.

அதற்கு முன் நோயின் இன்றைய நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எச்.ஐ.வி கிருமியை உடலினின்றும் முற்றாகக் களையும் மருந்து பொதுவழக்கிற்கு இன்னும் வரவில்லை. ஆயின் 1996 ஆம் ஆண்டளவிற் கூட்டு மருந்துச் சிகிச்சை நடைமுறைக்கு வந்ததன் பின்னர், உரிய காலத்திற் சிகிச்சை தொடங்கிய நோயாளி ஏனையோரைப் போன்று உழைத்து, குடும்பம் நடத்தி, முதுமை வரை வாழ முடிகின்றது. பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரு குளிசை போதுமானது. 2011 இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, காலந்தாழ்த்தாது சிகிச்சை பெற்ற நோயாளரிடமிருந்து அவர்தம் துணைவருக்கு நோய் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததென நிறுவியது. இரத்தத்திலே கிருமி அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டால், உடலுறவின் மூலம் அது பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். 2000 ஆம் ஆண்டில் ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கான இம்மருந்தின் விலை 10,000 டொலருக்கும் மேற்பட்டிருந்தது. 2001 இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 டொலருக்குத் தர முன்வந்தது. 2023 இல் வறிய நாடுகளுக்கான கொள்வனவு விலை 45 டொலருக்கும் கீழே இறங்கியது. இவ்வீழ்ச்சி சந்தையின் கருணையால் நிகழ்ந்ததன்று. மலிவான மருந்துக்கு வழிசெய்த தென்னாபிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பனிகள் வழக்காடின. நோயாளரும் தொழிலாளரும் வீதியில் இறங்கினர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2001 ஏப்ரிலில் அக்கம்பனிகள் வழக்கை மீளப்பெற்றுக்கொண்டன. மக்கள் போராடி மலிவாக்கிய மருந்து இது.

எனவே மருந்து உண்டு, அதன் பயன் நிரூபிக்கப்பட்டுள்ளது, விலையும் தாழ்ந்துள்ளது. இருந்தும் அகதியின் கைக்கு அது எட்டாதிருப்பின், தடையை விஞ்ஞானத்தில் தேடிப் பயனில்லை. நீ எந்நாட்டான் என்று வைத்தியசாலை வாயிலிற் கேட்கப்படும் கேள்வியே அத்தடை.

முதலாவது வாதத்தை எடுத்துக்கொள்வோம். அகதி நோயைக் கொண்டு வருகிறான் என்ற அச்சம் ஓர் அரசை எத்துணை இழிநிலைக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு ஹெயிற்றி மக்களின் கதை சான்றாகும். 1983 இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், எயிட்ஸ் ஆபத்துக்குரியோர் பட்டியலில் ஹெயிற்றியரையும் சேர்த்தது. அந்நாட்டிற் பிறந்தமையே அவர்களைச் சேர்த்தமைக்குக் காரணம். 1985 இல் அப்பெயர் நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து நீங்கிய பெயர் மனிதர் மனத்திலிருந்து நீங்கவில்லை.

1991 செப்டெம்பர் 30 இல் ஹெயிற்றி மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அரிஸ்ரைட் இராணுவச் சதியாற் கவிழ்க்கப்பட்டார். அடக்குமுறைக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கானோர் படகேறினர். அமெரிக்கக் கரையோரக் காவற் படை அவர்களை நடுக்கடலில் மறித்து, கியூபா மண்ணிலுள்ள தனது குவாந்தனாமோக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டு சென்றது. அங்கே விசாரணை நடந்தது. அரசியற் கொடுமைக்கு அஞ்சுவதற்குத் தக்க காரணமுள்ளவர் எனக் காணப்பட்டோர் அமெரிக்காவுக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். ஆயின் அவர்களுள் எச்.ஐ.வி தொற்றுக் காணப்பட்டோர் மாத்திரம் குடும்பத்தினருடன் தனிமுகாமில் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். இவ்வாறு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கு மேலாகக் கிடந்தனர். கடுமையாக நோயுற்றோருக்கு வேண்டிய சிகிச்சை அம்முகாமில் இருக்கவில்லை. அவர்களை அமெரிக்க வைத்தியசாலைகளுக்கு மாற்றுமாறு இராணுவ வைத்தியர்களே விடுத்த கோரிக்கைகளுக்குக் குடிவரவு அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. 1993 ஜனவரியில் முகாமிலிருந்தோர் உண்ணாவிரதம் தொடங்கினர். யேல் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவரும் அவர்தம் ஆசிரியரும் அவர்களுக்காக வழக்காடினர். இச்செய்தி நமது மாணவர் கவனத்துக்குரியது.

1993 ஜூன் 8 ஆம் திகதி நீதிபதி ஸ்ரேலிங் ஜோன்சன் அத்தடுப்புக் காவல் சட்டத்துக்கு முரணானதெனத் தீர்ப்பளித்து அவர்களை விடுவிக்கப் பணித்தார். இரண்டே நாட்களின் பின், ஜூன் 10 ஆம் திகதி, எச்.ஐ.வி தொற்றுடைய பிறநாட்டவருக்கு நாட்டின் வாயிலை அடைக்கும் விதி அமெரிக்கக் கொங்கிரஸின் சட்டமாகவே கையொப்பமிடப்பட்டது. அரசு மேன்முறையீட்டைக் கைவிடுவதற்கு ஈடாக, பின்வரும் வழக்குகளுக்கு முன்னுதாரணமாகாதபடி அத்தீர்ப்பும் நீக்கப்பட்டது. 1987 முதல் நடைமுறையிலிருந்த அந்தத் தடை 2010 ஜனவரியிலேதான் அகன்றது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, உலகின் மிகச் செல்வம் மிக்க நாடு ஒரு கிருமியைக் குற்றமாகக் கொண்டிருந்தது.

இவ்வச்சத்துக்கு ஆதாரம் உண்டா? 2007 இல் வெளியான ஆய்வொன்று, ஆபிரிக்காவிலே போரால் பாதிக்கப்பட்டோரிடையே எச்.ஐ.வியின் பரவலை ஆராய்ந்தது. அகதி முகாம்கள் பன்னிரண்டு தொகுதிகளாக அவற்றைச் சூழ்ந்த உள்ளூர் மக்களுடன் ஒப்பிடப்பட்டன. ஒன்பது தொகுதிகளில் அகதிகளிடையே நோய் குறைவாக இருந்தது. இரண்டில் ஏறக்குறைய ஒத்திருந்தது. ஒன்றில் மாத்திரமே கூடுதலாக இருந்தது. போர் மனிதரை நோய்க்கு இலக்காக்குவதில்லை என்று இதனாற் கூறவில்லை. பாலியல் வன்கொடுமையும், வைத்தியசாலைகளின் அழிவும், பசியின் நிர்ப்பந்தமும் அகதிப் பெண்ணை ஆபத்தின் விளிம்பில் நிறுத்துவன என்பதை யாவரும் அறிவர். ஆயின் அது அவளுக்குப் பாதுகாப்பளிப்பதற்குரிய காரணம். அவளைக் கண்டு அஞ்சுவதற்குரிய காரணமன்று. மேலும், தொற்று இருப்பின் தடுப்பு முகாமும் நாடுகடத்தலும் காத்திருக்கின்றன என அறிந்த எவர்தான் இரத்தப் பரிசோதனைக்குத் தாமாக முன்வருவார்? நோயை ஒளிக்கச் செய்வதும் சிகிச்சையைத் தாமதிக்கச் செய்வதும் இவ்வச்சமே.

இரண்டாவது வாதம் விஞ்ஞானத்தின் வேடம் புனைந்து வருவது. எச்.ஐ.வி மருந்தை நாள் தவறாது உட்கொள்ள வேண்டும், இடையிடையே விட்டால் கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிடும், அகதியோ நிலையற்றவன், எனவே கொடாதிருத்தலே நன்று என்பர். இதன் முற்பகுதி முழு உண்மை. முடிபோ முழுப் பிழை. மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் ஒரே வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்ற அகதிகளையும் உள்நாட்டவரையும் ஒப்பிட்டு 2014 இல் வெளிவந்த ஆய்வு, கிருமியைக் கட்டுப்படுத்துவதில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே வெற்றியைப் பெற்றிருந்தமையைக் காட்டியது. அகதியாயிருத்தல் பொறுப்பற்றவனாயிருத்தல் ஆகாது. வீட்டையும் நிலத்தையும் விட்டு உயிரைக் காத்துக்கொண்டு வந்தவனுக்கு உயிரின் அருமையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

மருந்து இடையில் நிற்பதற்கான காரணங்கள் வேறு. ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றப்படுபவரின் சிகிச்சைக் குறிப்பு அவருடன் செல்வதில்லை. முகாமை விட்டு வைத்தியசாலை செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைக்கும் நாளில் பஸ்ஸுக்குப் பணம் இருப்பதில்லை. வைத்தியர் பேசும் மொழி நோயாளிக்குப் புரிவதில்லை. அயல்வீட்டாரையே மொழிபெயர்ப்பாளராக அழைக்கும்போது இரகசியம் முகாம் முழுவதும் பரவுகின்றது. நிவாரணம் வெட்டப்படும்போது வெறுவயிற்றிற் குளிசை விழுங்குவது பெரும் துன்பமாகின்றது. இவற்றுள் எது நோயாளியின் குற்றம்? போர்க்காலத்தில் முகாம்களிலே அட்டையும் கையுமாக வரிசையில் நின்ற மக்கள் இந்நாட்டில் இலட்சக்கணக்கில் உள்ளனர். மருந்துச்சீட்டைத் தொலைத்தமைக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட நீரிழிவு நோயாளரை அவர்கள் அறிவர். அவர்களிடம் இவ்வாதத்தைக் கூறிப் பார்க்கட்டும்.

இனி மூன்றாவது வாதம். ‘முதலில் நம்மவர்’ என்னும் இவ்வாதமே நல்லவர்களையும் மயக்குவது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

தென் ஆபிரிக்கப் பிராந்தியத்திலுள்ள பொட்சுவானா, எச்.ஐ.வியின் கோரத்தை மிகக் கொடுமையாக அனுபவித்த நாடு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான மதிப்பீடுகள் வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்ததாகக் கூறின. அந்நாடு கைகட்டி நிற்கவில்லை. 2002 இல், ஆபிரிக்காவிலே முதன்முறையாக, நாடளாவிய இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. புது விடியல் என்னும் பொருளில் அதற்கு ‘மாசா’ எனப் பெயரிட்டனர். பாராட்டுக்குரிய அத்திட்டத்தின் வாயிலிலும் ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து குடிமக்களுக்கு மாத்திரமே உரியது. நாட்டின் வடகிழக்கே டுக்வி என்னுமிடத்தில் அங்கோலா, நமீபியா, சோமாலியா முதலிய நாடுகளிலிருந்து தஞ்சம் புகுந்தோரின் முகாம் இருந்தது. அகதிகள் அம்முகாமிலேயே வசிக்க வேண்டுமென்பது விதி. வெளியே சென்று உழைத்து மருந்து வாங்கவும் வழியில்லை; உள்ளே அரசின் மருந்தைப் பெறவும் உரிமையில்லை. பின்னர் வெளிநாட்டு உதவிப் பணத்தைக் கொண்டு செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் முகாமில் மருந்து வழங்கப்பட்டது. விடிந்தது உண்மை, எனினும் அவ்விடியலின் ஒளி டுக்வி வேலியைத் தாண்டிச் செல்லப் பல்லாண்டுகளாயின.

சிறையிலிருந்த பிறநாட்டவர் நிலையும் இதுவே. சிம்பாப்வே நாட்டுக் கைதிகள் இருவர், அந்நாட்டின் மனித உரிமை அமைப்பொன்றுடன் இணைந்து வழக்குத் தொடுத்தனர். செலவைத் தாங்க முடியாதென்றது அரசு. 2014 இல் மேல் நீதிமன்றமும் 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பிறநாட்டுக் கைதிகளுக்கும் மருந்து வழங்கப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தன. ஈற்றில் 2019 இல், நாட்டில் வாழும் பிறநாட்டவருக்கும் இலவச எச்.ஐ.வி சிகிச்சையை விரிப்பதாக அரசு அறிவித்தது. இதன் விளைவாகக் கருவூலம் வற்றியதா? உள்நாட்டு மக்கள் மருந்தின்றி மடிந்தனரா? 2022 இல் அந்நாடு வெளியிட்ட கணக்கின்படி, தொற்றுடையோரில் 95 சதவீதமானோர் தம் நிலையை அறிந்திருந்தனர். அவர்களுள் 98 சதவீதமானோர் சிகிச்சை பெற்றனர். அவர்களுள்ளும் 98 சதவீதமானோரிடம் கிருமி அடக்கப்பட்டிருந்தது. உலகுக்கே இலக்காக விதிக்கப்பட்ட அளவை அந்நாடு தாண்டியது. பிறநாட்டானுக்கு மருந்து கொடுத்தமையால் நம்மவர் இழந்தது ஒன்றுமில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

செல்வம் மிக்க இங்கிலாந்தின் கணக்கு இதனிலும் விசித்திரமானது. 2004 முதல், அடைக்கலக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டோர் அங்கு எச்.ஐ.வி சிகிச்சைக்குப் பணம் செலுத்த வேண்டியவராயினர். இரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் மாத்திரம் இலவசம். அதாவது, உனக்கு இந்நோய் உண்டு என்ற செய்தி இலவசம். அதற்குரிய மருந்துக்கோ காசு! நோய்த்தடுப்பு நிபுணரும் நோயாளர் அமைப்புகளும் எழுப்பிய குரலின் பின்னர் 2012 ஒக்டோபரிலே இங்கிலாந்தில் அவ்விதி அகற்றப்பட்டது. தொற்றுநோயைப் பொறுத்தவரை, ஊரில் ஒருவனைச் சிகிச்சைக்குப் புறம்பே நிறுத்திவிட்டு ஊரைக் காக்கலாம் என்பது, வள்ளத்தில் ஒரு துவாரத்தை மாத்திரம் அடைக்காது விட்டுக் கரைசேரலாம் என்பதை ஒக்கும்.

வறுமை காரணம் என்பாருக்கு உகண்டா விடை கூறும். ஆபிரிக்காவிலே மிகக் கூடுதலான அகதிகளுக்கு இடமளித்த நாடு அது. அவர்தொகை 15 இலட்சத்துக்கும் மேல். செல்வம் கொழிக்கும் நாடன்று. எனினும் அங்கே குடியேற்றங்களில் வாழும் அகதியும் அயற்கிராமத்து உழவனும் ஒரே சுகாதார நிலையத்தின் வரிசையிலே நிற்கின்றனர். குறைபாடுகள் பலவுண்டு. ஆயினும் தனிமுகாம், தனி மருந்து என்னும் பிரிவினையின்றியும் ஒரு வறிய நாடு இயங்க முடியும் என்பதை அது காட்டியுள்ளது.

இனிச் செல்வந்த நாடுகளின் தருமத்தைப் பற்றிக் கூற வேண்டும். எச்.ஐ.வி சிகிச்சைக்கென 2003 இல் அமெரிக்க அரசு தொடங்கிய நிதித்திட்டம் ஆபிரிக்காவில் இலட்சோபலட்சம் உயிர்களைக் காத்தது. அதனை மறுப்பது நேர்மையாகாது. காத்த உயிரை ஏகாதிபத்தியத்தின் கணக்கிலெழுதி ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. நோயாளிக்குக் குளிசை வேண்டும். நமது வியாக்கியானம் அதற்கு ஈடாகாது. ஆனால் 2025 ஜனவரியில், புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு உதவி ஒரு கையொப்பத்தால் நிறுத்தப்பட்டது. உயிர்காக்கும் சிகிச்சைக்குச் சில நாட்களில் விலக்களிக்கப்பட்டதெனினும், பல இடங்களில் கிளினிக்குகள் மூடப்பட்டன, ஊழியர் வேலையிழந்தனர். அவ்வாண்டிலேயே அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகர் அலுவலகமும் நிதியின்றி ஆயிரக்கணக்கான பதவிகளைக் குறைத்தது. உகண்டாவில் பத்து இலட்சம் அகதிகளின் உணவுதவி நின்றது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நமது பழமொழி. தானமாக வந்த மருந்து நின்றபோது ஏன் நின்றது என்று கேட்கும் உரிமையும் நோயாளிக்கு இருக்கவில்லை. தருமத்துக்கும் உரிமைக்குமுள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகின்றது. தருமத்தைக் கொடுப்பவன் நிறுத்தலாம். உரிமையை நிறுத்துபவன் நீதிமன்றத்தில் விடை கூற வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை அகதிகளுக்காகக் கூடுதல் இரக்கம் வேண்டும் என்பதன்று. முதலாவதாக, எந்நாட்டு எச்.ஐ.வித் திட்டமும் தன் எல்லைக்குள் வாழும் அனைவரையும், குடியுரிமை கேளாது, உள்ளடக்க வேண்டும். அகதிக்கு அரசின் பொது உதவியில் அந்நாட்டுக் குடிமகனுக்குச் சமமான நிலை வேண்டுமென்பது 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 23 ஆம் உறுப்புரை. பொட்சுவானா 1969 இலேயே அவ்வுடன்படிக்கையில் இணைந்த நாடு என்பதை நினைக்க, கையொப்பம் மட்டும் போதாது என்பதும் தெளிவாகும். இரண்டாவதாக, வைத்தியசாலைப் பதிவேடு குடிவரவு அதிகாரியின் கைக்குப் போகாதவாறு சட்டம் தடுக்க வேண்டும். மூன்றாவதாக, இடம் மாறும் நோயாளியிடம் சிகிச்சைக் குறிப்பும் சில மாதங்களுக்கான மருந்தும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். நான்காவதாக, அகதிகளிலிருந்தே சுகாதார ஊழியரும் மொழிபெயர்ப்பாளரும் பயிற்றப்பட்டு ஊதியத்துடன் நியமிக்கப்பட வேண்டும். இவற்றுள் எதுவும் புதுக் கண்டுபிடிப்பை வேண்டி நிற்பதன்று. அரசியல் துணிவை மாத்திரமே வேண்டி நிற்பது.

இதில் நமக்கென்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். இலட்சக்கணக்கான தன் மக்களை உலகின் நாற்றிசைகளுக்கும் அகதிகளாக ஓடச் செய்த இலங்கை, 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இன்னும் இணையவில்லை. நம்மவர் பிறநாடுகளிற் பெற்ற அடைக்கலத்தை நாம் பிறருக்குச் சட்டத்தால் உறுதிசெய்யவில்லை. ஆயின் மக்கள் சட்டத்தைக் காட்டிலும் முன்னே நிற்கின்றனர். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கிய அகதிகளுடன் படகொன்று முல்லைத்தீவுக் கரையை அடைந்தபோது, போரில் யாவற்றையும் இழந்திருந்த அக்கரையோர மக்கள் உணவுடன் அவர்களை நாடிச் சென்றனர். ‘முதலில் நம்மவர்’ என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

ஓய்வறை நண்பருக்கு நான் கூறிய விடை இதுவே. அவர் தாயாரின் குளிசைக்காகக் கடை கடையாக அலைந்த நாட்களில், மருந்தை அவர் கையிலிருந்து பறித்தவன் அகதி அல்லன். நாட்டை வங்குரோத்தாக்கியவரை விட்டுவிட்டு, தம்மைப் போலவே மருந்துக்கு அலைபவனிடம் அவர் கோபங்கொள்கிறார். அகதியின் பங்கைக் குறைத்து அவருடைய தாயாரின் மருந்தைக் கூட்டப் போவதாக எவ்வரசும் வாக்களிக்கவில்லை. ஒருவருக்கு மறுப்பதற்குப் பழகிய அரசு நாளை இன்னொருவருக்கும் மறுக்கும். இன்று குடியுரிமை, நாளை பணம், மறுநாள் வேறொரு காரணம். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இலவச வைத்தியத்தைக் காக்கத் தீர்மானம் நிறைவேற்றும்போது, ‘இந்நாட்டில் வாழும் அனைவருக்கும்’ என்னும் தொடரை அதில் மறவாது சேர்ப்பார்களாக. அவர் இன்னும் முற்றாக இணங்கவில்லை. அடுத்த தவணையிலும் இவ்விவாதம் தொடரும்.